‘ரவுண்ட்’ எந்தக் கட்டத்தில் வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது ஆங்கிலச் சொல்வகைகள் பற்றி ஓர் அட்டவணை வந்திருந்தது. எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களை அடுக்கி, மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லியிருந்தீர்கள். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதை நம்பித் தேர்வுக்குப் போகிற பிள்ளை முதல் கேள்வியிலேயே தடுக்கி விழும். ஏனென்றால் தேர்வில் தனிச்சொல்லைக் கொடுத்து யாரும் கேட்பதில்லை. வாக்கியத்தைக் கொடுத்து, அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டுத்தான் கேட்கிறார்கள்.

‘ரவுண்ட்’ என்ற சொல்லை அட்ஜெக்டிவ் (பெயரடை) கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். ‘எ ரவுண்ட் டேபிள்’ என்றால் சரிதான், வட்டமான மேசை. ‘ஹி வன் தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்’ என்றால் முதல் சுற்றில் ஜெயித்தான். இங்கே அது நவுன் (பெயர்ச்சொல்). ‘தி ஷிப் ரவுண்டட் தி கேப்’ என்றால் கப்பல் முனையைச் சுற்றிக் கடந்தது, வெர்ப் (வினைச்சொல்). ‘வி வாக்ட் ரவுண்ட் தி லேக்’ என்றால் ஏரியைச் சுற்றி நடந்தோம், பிரபோசிஷன் (முன்னிடைச்சொல்). ‘ஷி டர்ன்ட் ரவுண்ட்’ என்றால் திரும்பிப் பார்த்தாள், அட்வெர்ப் (வினையடை). ஒரே சொல்லுக்கு ஐந்து வேலை. அதை எந்தக் கட்டத்தில் எழுதினாலும் மற்ற நான்கு வாக்கியங்களில் பதில் தப்பாகிவிடும்.

ஆங்கிலத்தில் சொல்லுக்கு நிரந்தர உத்தியோகம் கிடையாது. வாக்கியத்தில் அன்றைக்கு எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் பதவி. தமிழில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு. நம் மொழியில் சொல் தன் அடையாளச் சீட்டை வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் ஓடுவது பூனைதான். ‘ஐ’ உருபு அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் பாருங்கள், ஓடுவது நாயாகிவிடும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி வால்கள் இருந்தன. அன்பு என்ற பெயர் ‘லுவு’, அன்பு செய்தல் என்ற வினை ‘லுவியன்’. நூற்றாண்டுகள் போகப் போக இரண்டு வாலும் தேய்ந்து, இப்போது பெயரும் ‘லவ்’, வினையும் ‘லவ்’. வால் போன பிறகு மிஞ்சியது இடம் மட்டுமே.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வரையறைகளும் இதற்கு உதவுவதில்லை. செயலைக் குறிப்பது வெர்ப் என்று சொல்கிறோம். ‘எக்ஸ்ப்ளோஷன்’ என்றால் வெடிப்பு, ‘அரைவல்’ என்றால் வருகை. இரண்டும் செயல்தான், ஆனால் இரண்டும் நவுன். ‘ஓன்’ (சொந்தமாக வைத்திருத்தல்), ‘நோ’ (அறிதல்), ‘சீம்’ (தோன்றுதல்) ஆகியவற்றில் கை கால் அசைகிற செயல் எதுவும் இல்லை, மூன்றும் வெர்ப். பொருளை வைத்து வகை பிரிக்கப் போனால் இப்படித்தான் கை நழுவும்.

பொருளே தெரியாவிட்டாலும் வகை தெரியும் என்பதற்கு இதோ ஒரு பொய் வாக்கியம்: ‘தி ப்ளிம்மி வோக்ஸ் ட்ரஃப்ட் எ ஸ்னெல் மோர்ப்லி.’ தி, எ இரண்டையும் தவிர மற்றவை பொருளில்லாமல் இட்டுக்கட்டியவை. ஆனாலும் ‘வோக்ஸ்’ நவுன் என்று சொல்லிவிடலாம்: முன்னால் ‘தி’, கடைசியில் பன்மை ‘ஸ்’. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ‘ப்ளிம்மி’ அட்ஜெக்டிவ். ‘ட்ரஃப்ட்’ இறந்தகால ‘ட்’ ஒலியோடு முடிகிறது, வோக்ஸுக்கு அடுத்து நிற்கிறது, வெர்ப். ‘எ’ வந்ததால் ‘ஸ்னெல்’ நவுன். கடைசியில் ‘லி’ போட்டுக்கொண்டு நிற்பது அட்வெர்ப். வகுப்பில் இந்த மாதிரி வாக்கியம் நாலு கொடுத்தால், மொழிபெயர்த்துப் பார்க்கும் பழக்கம் தானாக விடும். மொழிபெயர்க்க அங்கே ஒன்றுமில்லையே.

இனி செய்முறை. வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டு போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் பிடிக்க வேண்டியது வெர்ப். வாக்கியத்துக்கு முன்னால் ‘யெஸ்டர்டே’ போட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு ‘எவ்ரி டே’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் உருவம் மாறுகிறதோ அது வெர்ப். ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ போன்றவை நேற்றைக்கும் மாறாது. எழுவாயை ‘ஹி’ ஆக்கி ‘எவ்ரி டே’ போட்டால் ‘கட்ஸ்’ என்று மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஹேஸ் பீன் வர்க்கிங்’ போல நீண்டு வந்தால் முதல் சொல்தான் மாறும், ‘ஹேட்’ ஆகும். ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரே வெர்ப் கூட்டம், பிய்க்கக் கூடாது. ‘மஸ்ட்’ எந்தக் காலத்துக்கும் மாறாத பிடிவாதக்காரன். அதற்கு வேறு சோதனை: பின்னால் ‘நாட்’ ஒட்டும், கேள்வியில் எழுவாய்க்கு முன்னால் தாவும்.

வெர்ப் கிடைத்ததும் அதற்கு முன்னால் ‘யார், எது’ என்று கேட்டு எழுவாய்ப் பகுதியை முழுசாக வெட்டி எடுங்கள். அந்தத் துண்டு முழுவதையும் ‘இட்’ அல்லது ‘தே’ என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் வெட்டியது சரி. நவுனுக்குப் பதிலாக வருவது ப்ரோநவுன் என்ற வரையறை பாதி உண்மை என்பது இங்கேதான் தெரியும். ‘தி ஓல்ட் லைட்’ என்பதில் லைட்டை மட்டும் எடுத்துவிட்டு ‘தி ஓல்ட் இட்’ என்று சொல்ல முடியாது. ப்ரோநவுன் குடும்பத்தோடு எல்லோரையும் எழுப்பிவிட்டுத்தான் உட்காரும். அந்தத் துண்டுக்குள் தலைமை யார் என்று பார்த்தால் அது நவுன். மற்றவை அதற்குச் சேவகம். வெர்ப்புக்குப் பின்னால் மிஞ்சியதையும் இதே மாதிரி துண்டு துண்டாக எடுக்க வேண்டும்.

ஒரு முழு வாக்கியத்தை அறுத்துப் பார்ப்போம். ‘ஃபார்ச்சுனேட்லி, தி ஓல்ட் லைட் அவுட்சைட் மை கேட் ஸ்டில் வர்க்ஸ் வெல் ஆஃப்டர் ஹெவி ரெயின்.’ நல்லவேளையாக, என் வாசல் கதவுக்கு வெளியே உள்ள பழைய விளக்கு பலத்த மழைக்குப் பிறகும் நன்றாக எரிகிறது. மொத்தம் பதிமூன்று சொல். இதில் லைட், அவுட்சைட், ஸ்டில், வர்க்ஸ், வெல், ஆஃப்டர் ஆகிய ஆறும் வேறு வாக்கியத்தில் வேறு வகையாக மாறக்கூடியவை. அட்டவணை வைத்திருப்பவர் ஆறு இடத்தில் சறுக்கலாம்.

‘யெஸ்டர்டே’ போட்டால் மாறுவது எது? ‘வர்க்ஸ்’ மட்டும், ‘வர்க்ட்’ ஆகிறது. ஆக அதுதான் வெர்ப், பன்மை நவுன் அல்ல. எது வேலை செய்கிறது? ‘தி ஓல்ட் லைட் அவுட்சைட் மை கேட்’. இந்த ஆறு சொல்லையும் அப்படியே தூக்கிவிட்டு ‘இட்’ வைத்தால் வாக்கியம் நிற்கிறது. துண்டுக்குள் தலைமை ‘லைட்’: ‘தி’யும் ‘ஓல்ட்’டும் அதற்காக வந்தவை. ‘கேட்’டைத் தலைமை என்று நினைப்பவர்கள் உண்டு, வெர்ப்புக்குப் பக்கத்தில் அது நிற்பதால். ஆனால் எரிவது கேட் அல்ல. லைட்டைப் பன்மையாக்கிப் பாருங்கள்: ‘தி ஓல்ட் லைட்ஸ் அவுட்சைட் மை கேட் ஸ்டில் வர்க் வெல்.’ வெர்ப்பின் ‘ஸ்’ உடனே உதிர்கிறது. கேட்டைப் பன்மையாக்கினால் வெர்ப் அசையாது. வெர்ப் யாருக்குத் தலையசைக்கிறதோ அதுதான் எழுவாயின் தலைமை.

‘அவுட்சைட்’டுக்குப் பின்னால் ‘மை கேட்’ என்று ஒரு நவுன் துண்டு தொங்குகிறது. இப்படி ஒரு நவுன் துண்டைத் தோளில் சுமந்தால் அது பிரபோசிஷன். ‘ஹி இஸ் வெயிட்டிங் அவுட்சைட்’ என்று சுமையில்லாமல் முடிந்தால் அதே சொல் அட்வெர்ப். ‘ஸ்டில்’ இங்கே ‘இன்னமும்’ என்ற அட்வெர்ப். ‘ஸ்டில் வாட்டர்’ என்றால் அசையாத நீர், அட்ஜெக்டிவ். ‘வெல்’ எப்படி எரிகிறது என்று வெர்ப்பைப் பற்றிச் சொல்வதால் அட்வெர்ப். ‘ஆஃப்டர்’ சுமப்பது ‘ஹெவி ரெயின்’ என்ற நவுன் துண்டை, ஆகவே பிரபோசிஷன். அதையே ‘ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ஸ்’ என்று மாற்றினால் பின்னால் எழுவாயும் வெர்ப்பும் சேர்ந்த ஒரு முழு வாக்கியமே வந்துவிடுகிறது. ஆஃப்டர் உடனே கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்) ஆகிவிடும். பிஃபோர், சின்ஸ், அன்டில் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பின்னால் வருவதற்குள் வெர்ப் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மிச்சம் ‘ஃபார்ச்சுனேட்லி’. அது எந்த வெர்ப்புக்கும் அடை இல்லை. விளக்கு அதிர்ஷ்டமாக எரிகிறது என்று யாரும் சொல்வதில்லை. எழுதியவர் முழு வாக்கியத்தின் மேல் போட்ட தன் கருத்து அது. அதுவும் அட்வெர்ப்தான். வெர்ப்பை மட்டும் விசேஷிப்பது அட்வெர்ப் என்று படித்தவர்கள் இந்த இடத்திலும், அட்ஜெக்டிவுக்கு முன் வரும் ‘வெரி’யிலும் திகைத்து நிற்பார்கள்.

தமிழில் பொருள் சொல்லி வகை கண்டுபிடிப்பதால் வரும் பிழைகள் தனி ரகம். ‘ஐ ஆம் ஹங்ரி’ என்றால் எனக்குப் பசிக்கிறது. பசிக்கிறது வினை, ஆகவே ‘ஹங்ரி’ வெர்ப் என்று எழுதிவிடுகிறார்கள். ‘யெஸ்டர்டே’ சோதனையைப் போடுங்கள்: ‘யெஸ்டர்டே ஐ வாஸ் ஹங்ரி.’ மாறியது ‘ஆம்’. ‘ஹங்ரி’ அசையவில்லை. ‘எ ஹங்ரி டாக்’ என்று நவுனுக்கு முன்னாலும் வரும், ‘வெரி ஹங்ரி’ என்றும் வரும், அட்ஜெக்டிவ். ‘ஏபிள்’ என்றால் முடியும், ‘அஃப்ரெய்ட்’ என்றால் பயப்படுகிறேன். இவையும் தமிழில் வினை, ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ். ‘டிஃபிகல்ட்’ என்பதற்குக் கடினம், ‘ஆங்ரி’ என்பதற்குக் கோபம் என்று சொல்லிப் பழகியவர்கள் அவற்றை நவுன் ஆக்கிவிடுவார்கள். நவுன் வேண்டுமென்றால் ‘டிஃபிகல்ட்டி’, ‘ஆங்கர்’ என்று தனியாக இருக்கின்றன.

இதைவிட வழுக்குகிற இடம் நம் ‘ஆக’ விகுதி. ‘அவள் அழகாகப் பாடினாள்’, ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று இரண்டுக்கும் தமிழ் ‘அழகாக’ என்ற ஒரே வடிவத்தைத் தருகிறது. ஆங்கிலம் பிரிக்கிறது: ‘ஷி சேங் பியூட்டிஃபுல்லி’, ஆனால் ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்’. இரண்டாவதில் ‘பியூட்டிஃபுல்’ அட்ஜெக்டிவ். அதை அட்வெர்ப் என்று எழுதுகிறவர்கள் ‘அழகாக’ என்ற தமிழைத்தான் பார்க்கிறார்கள். லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட், சீம், பிகம் போன்ற வெர்ப்புகள் வந்தால் அந்த இடத்தில் ‘இஸ்’ வைத்துப் பாருங்கள். ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ நிற்கிறது, ஆகவே அட்ஜெக்டிவ். ‘ஷி லுக்ட் கேர்ஃபுல்லி’ என்பதில் ‘இஸ்’ வைத்தால் ‘ஷி இஸ் கேர்ஃபுல்லி’ என்று வாக்கியம் நொண்டுகிறது. ஆகவே அது அட்வெர்ப். ‘லுக்’ ஒன்றே, முதலில் தோற்றமளிப்பது, அடுத்ததில் உற்றுப் பார்ப்பது.

தமிழ் எப்போதும் காலை வாரிவிடும் என்று அர்த்தமில்லை. சில இடங்களில் நம் இலக்கணம் ஆங்கிலப் பாடநூலைவிடத் தெளிவாக வழி காட்டும். ‘தட்’ அப்படி ஓர் இடம். ‘தி நியூஸ் தட் ஹி பிராட்’, ‘தி நியூஸ் தட் ஹி கேம்’. வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தமிழில் சொல்லுங்கள்: ‘அவன் கொண்டுவந்த செய்தி’, ‘அவன் வந்தான் என்ற செய்தி’. முதலாவது பெயரெச்சம், அங்கே ‘தட்’ ப்ரோநவுன், ‘விச்’ என்று மாற்றலாம். இரண்டாவதில் ‘என்ற’ வந்துவிட்டது. அங்கே ‘தட்’ கன்ஜங்ஷன், ‘விச்’ போட முடியாது. தமிழில் என்று, என்ற, என்பது எட்டிப் பார்த்தால் ஆங்கிலத்தில் ‘தட்’ கன்ஜங்ஷன். ‘ஐ நோ தட் ஹி லெஃப்ட்’ என்றால் அவன் போய்விட்டான் என்று தெரியும், பொருந்துகிறதா? ‘அந்த’ என்று வந்தால் நவுனைச் சுட்டும் சொல், ‘அது’ என்று தனியே நின்றால் ப்ரோநவுன். ‘இட் இஸ் நாட் தட் பேட்’ என்றால் ‘அவ்வளவு’ மோசமில்லை, அங்கே அட்வெர்ப். காதும் உதவும்: அந்த, அது என்ற பொருளில் ‘தட்’ அழுத்தமாக ஒலிக்கும், கன்ஜங்ஷனாகவோ ‘விச்’சுக்குப் பதிலாகவோ வரும்போது உயிரொலி சுருங்கி விழுங்கப்படும்.

‘இங்’ விகுதியும் அப்படியே. தொழிற்பெயர், பெயரெச்சம், வினைமுற்று படித்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ‘ஸ்மோக்கிங் ஹார்ம்ஸ் தி லங்ஸ்’ என்பதில் புகைத்தல் என்ற தொழிற்பெயர், நவுன் வேலை. ‘ஹி இஸ் ஸ்மோக்கிங்’ என்பதில் வெர்ப்பின் பகுதி. ‘எ ஸ்மோக்கிங் சிம்னி’ என்றால் புகைகிற புகைபோக்கி. பெயரெச்சம், அட்ஜெக்டிவ் வேலை. ‘எ ஸ்மோக்கிங் ரூம்’ என்பதில்தான் பலரும் மாட்டுவது. அறை புகைவதில்லை, புகைப்பதற்கான அறை அது. ஆகவே இங்கே ‘ஸ்மோக்கிங்’ சிம்னிக்கு முன் வந்ததன் உறவல்ல, முதல் வாக்கியத்துத் தொழிற்பெயரின் உறவு. தமிழில் இரண்டையும் ‘உம்’ போட்டு, புகையும் சிம்னி, புகைக்கும் அறை என்று சொல்லிவிடுவதால் வேறுபாடு மறைந்துபோகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபார்’ போட்டு விரித்தால் தெரிந்துவிடும்: ‘எ ரூம் ஃபார் ஸ்மோக்கிங்’ சரி, ‘எ சிம்னி ஃபார் ஸ்மோக்கிங்’ அபத்தம்.

தொழிற்பெயர் என்று முடிவான பிறகும் அது எவ்வளவு தூரம் பெயராகிவிட்டது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ‘ரீடிங் லெட்டர்ஸ் ஸ்லோலி’ என்பதில் அது நேரடியாகச் செயப்படுபொருளை எடுத்துக்கொள்கிறது, அட்வெர்ப்பையும் வைத்துக்கொள்கிறது. வினைக்குணம் இன்னும் போகவில்லை. ‘தி ஸ்லோ ரீடிங் ஆஃப் லெட்டர்ஸ்’ என்றால் முன்னால் ‘தி’, பின்னால் ‘ஆஃப்’, ‘ஸ்லோலி’ போய் ‘ஸ்லோ’ வந்துவிட்டது, முழு நவுன். இரண்டையும் கலந்து ‘தி ஸ்லோலி ரீடிங் ஆஃப் லெட்டர்ஸ்’ என்று எழுதினால் சிவப்பு மை நிச்சயம்.

பிரபோசிஷன் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு ‘அப்’ எங்கே வந்தாலும் பிரபோசிஷன்தான். ‘ஹி ரேன் அப் எ ஹில்’ என்றால் குன்றின் மேல் ஓடினான். ‘ஹி ரேன் அப் எ பில்’ என்றால் பாக்கியை ஏற்றிக்கொண்டான். ஓர் எழுத்துதான் வித்தியாசம். நவுனை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். குன்றுக்கு ‘ஹி ரேன் அப் இட்’; ‘அப்’ தன் சுமையை விடவில்லை, ஆகவே பிரபோசிஷன். பில்லுக்கு ‘ஹி ரேன் இட் அப்’. ‘இட்’ நடுவில் புகுந்துகொண்டது, ‘அப்’ வெர்ப்போடு ஒட்டிய சொல். பழைய முறையில் அதை அட்வெர்ப் என்பார்கள், புதிய நூல்கள் பார்ட்டிகிள் என்கின்றன. நடுவில் ‘குவிக்லி’ செருகியும் பார்க்கலாம்: ‘ரேன் குவிக்லி அப் எ ஹில்’ சொல்லலாம், பில்லுக்குச் சொல்ல முடியாது.

‘டு’வைச் சரியாக இனம் காண்பதால் கைமேல் பலன் உண்டு. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதாத விண்ணப்பக் கடிதம் அபூர்வம். பின்னால் ‘இட்’ வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. அப்படியானால் ‘டு’ பிரபோசிஷன், பின்னால் நவுன் வேலை செய்யும் சொல் வர வேண்டும், ‘மீட்டிங்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ நிற்கிறது. ஆகவே ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’, அதாவது நடந்து பழகியவன். ‘ஐ யூஸ்ட் டு இட்’ நிற்காது. அங்கே ‘டு’ வெர்ப்பின் முன்னொட்டு, ‘ஐ யூஸ்ட் டு வாக்’, முன்பெல்லாம் நடப்பேன்.

‘லி’யில் முடிந்தால் அட்வெர்ப் என்ற குறுக்குவழியை உங்கள் அட்டவணையும் கொடுத்திருக்கிறது. ‘ஃப்ரெண்ட்லி’, ‘காஸ்ட்லி’, ‘லவ்லி’ மூன்றும் அட்ஜெக்டிவ். ‘லி’யைக் கழற்றிப் பார்த்தால் மிஞ்சுவது நவுனா அட்ஜெக்டிவா என்பதில் பெரும்பாலும் விடை இருக்கும். ‘ஃப்ரெண்ட்’ நவுன், அதோடு ‘லி’ சேர்ந்தால் அட்ஜெக்டிவ். ‘ஸ்லோ’ அட்ஜெக்டிவ், அதோடு ‘லி’ சேர்ந்தால் அட்வெர்ப். ‘டெய்லி’, ‘வீக்லி’ இரண்டு பக்கமும் வேலை பார்க்கும். ‘ஃபேமிலி’, ‘ரிப்ளை’ இரண்டிலும் ‘லி’ ஒட்டே இல்லை, எழுத்துக்கூட்டல் மட்டும் அப்படி முடிகிறது. ‘ஹார்ட்லி’ அட்வெர்ப்தான், ஆனால் கடுமையாக என்று பொருளில்லை, அநேகமாக இல்லை என்று பொருள். கடுமையாக என்பதற்கு ‘ஹார்ட்’ என்றே வரும்.

பேச்சில் இன்னொரு துப்பு. ‘ரெக்கார்ட்’, ‘பெர்மிட்’, ‘ஆப்ஜெக்ட்’ போன்ற ஈரசைச் சொற்களில் முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் நவுன், இரண்டாம் அசையில் விழுந்தால் வெர்ப். ‘யூஸ்’, ‘ஹவுஸ்’ இரண்டிலும் கடைசி ஒலி நவுனாக வரும்போது பாம்பின் சீறல், வெர்ப்பாக வரும்போது வண்டின் ரீங்காரம். எழுத்தில் இது தெரியாது என்பதால் தேர்வுக்கு உதவாது; வாய்விட்டுப் படிக்கும்போது உதவும்.

எட்டு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை, அது ஏதோ இயற்கை விதி போல உங்கள் பக்கத்தில் எழுதப்பட்டிருந்ததால். தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டது. எட்டு என்பது டயோனிசியஸ் த்ராக்ஸ் என்ற பண்டைய இலக்கணக்காரர் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்திலிருந்து வருகிறது. அந்த எட்டில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் தி, எ போன்ற சொல்) இருந்தது. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, ‘ஆஹா’ போன்ற வியப்புச் சொல்லான இன்டர்ஜெக்‌ஷனைத் தனி வகையாக்கி எட்டைக் காப்பாற்றினார்கள். அட்ஜெக்டிவ் அப்போது தனியாகவே இல்லை, நவுனுக்குள் ஒண்டுக்குடித்தனம். 1795-இல் லிண்ட்லி முர்ரே எழுதிய ஆங்கில இலக்கணம் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றது. இன்றைய நூல்கள் பல தி, எ, மை, திஸ், எவ்ரி போன்றவற்றை டிட்டர்மினர் என்று தனியே பிரிக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது: அட்ஜெக்டிவுக்கு முன் ‘வெரி’ வரும், ‘வெரி மை’ வராது; ‘ஓல்ட் ரெட் பஸ்’ என்று அட்ஜெக்டிவை அடுக்கலாம், ‘தி மை பஸ்’ என்று அடுக்க முடியாது. எட்டு வகைப் பாடத்திட்டத்தில் தேர்வு எழுதுகிறவர் ‘மை’யை அட்ஜெக்டிவ் என்று எழுதட்டும், டிட்டர்மினர் சொல்லித்தரும் பாடத்திட்டத்தில் டிட்டர்மினர் என்றே எழுதட்டும். ஆனால் ‘மைன்’ எந்தத் திட்டத்திலும் ப்ரோநவுன். அது தனியாகவே நிற்கிறது, பின்னால் நவுனைக் கேட்பதில்லை.

திருத்துபவர்களே சண்டை போட்டுக்கொள்கிற இடங்களும் உண்டு. ‘ஸ்கூல் பஸ்’ என்பதில் ‘ஸ்கூல்’ அட்ஜெக்டிவ் என்று மதிப்பெண் போடுபவர்கள் இருக்கிறார்கள். ‘வெரி ஸ்கூல் பஸ்’ வராது, ‘தி பஸ் இஸ் ஸ்கூல்’ வராது. அது நவுன், இன்னொரு நவுனுக்கு அடையாக நிற்கிறது. ‘தி புவர் நீட் ஹெல்ப்’ என்பதில் ‘புவர்’ நவுன் என்று விடைக்குறிப்பு சொல்லும். ஆனால் அது பன்மை ‘ஸ்’ ஏற்காது, ‘தி வெரி புவர்’ என்று ‘வெரி’யை ஏற்கும். நவுன் நாற்காலியில் உட்கார்ந்த அட்ஜெக்டிவ் என்பதுதான் நேர்மையான பதில். இந்த மாதிரிச் சொற்களை ஒரு மதிப்பெண் கேள்வியில் கேட்காமல் விடுவதே உத்தமம்.

அட்டவணையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் எட்டுக் கட்டங்களை எடுத்துவிட்டு, இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அந்தச் சொல் வரும் மூன்று வாக்கியங்கள் என்று அமைக்கலாம். ரவுண்ட், தட், ஆஃப்டர், ஸ்டில், லைட், ஃபாஸ்ட், டவுன், லைக், வெல், சின்ஸ் ஆகிய பத்துச் சொல் போதும், ஒரு பக்கம் நிறையும். விடையில் வகையின் பெயரை மட்டும் போடாமல், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ‘ஃபாஸ்ட்’டுக்கு மாதிரி இதோ. ‘எ ஃபாஸ்ட் டிரெயின்’: நவுனுக்கு முன்னால் நிற்கிறது, ‘வெரி’ ஏற்கும், அட்ஜெக்டிவ். ‘தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்’: ‘ரன்ஸ்’ என்ற இடத்தில் ‘இஸ்’ வைத்தாலும் வாக்கியம் நின்றுவிடும், ஆனால் ஓடும் விதம் போய்விடும், பொருளே மாறிவிடும், ஆகவே அட்வெர்ப். ‘தே ஃபாஸ்ட் எவ்ரி ஃப்ரைடே’: ‘யெஸ்டர்டே’ போட்டால் ‘ஃபாஸ்டட்’ ஆகிறது, வெர்ப். ‘ஹி ப்ரோக் ஹிஸ் ஃபாஸ்ட்’: ‘ஹிஸ்’ஸுக்குப் பின்னால் நிற்கிறது, ‘ஹி ப்ரோக் இட்’ என்று மாற்றலாம், நவுன்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள்